நாற்பத்தோராம் ஏடு

அவன் செத்து ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும், ஆயிரத்து இருநூறுகூட ஆகியிருக்கலாம், எரித்த இடத்தில் எருக்கு முளைத்து அந்த எருக்கும் பட்டுப்போயிருக்கும், அப்பேர்ப்பட்டவன் மேல் ஒரு மனுஷனுக்குப் பொறாமை வருமா என்றால் வரும், சாரநாதனுக்கு வந்தது, அதுவும் காலை பதினொன்றேகால் மணிக்கு, கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில், முதல் வரிசை நாற்காலியில், பக்கத்தில் பெண்டாட்டி செங்கமலம் உட்கார்ந்திருக்க. மேடையில் எழிலரசி என்கிற பெண், முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் பேசிக்கொண்டிருந்தாள். ‘மௌனநூபுரம்’ என்ற சமஸ்கிருத நாடகத்தில் வரும் உவமைகள் அவள் ஆராய்ச்சி. அந்த நாடகத்தை ஓலைச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதி முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் சாரநாதன், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால். அதனால்தான் இன்று சால்வை, பூச்செண்டு, முதல் வரிசை. சால்வை மடியில் கிடந்து அரித்தது. கழற்றிக் கீழே வைத்தால் மரியாதை இல்லை, வைத்துக்கொண்டால் தொடை வேர்க்கிறது. அவனுக்கு யாராவது சால்வை போட்டார்களா என்று நினைத்துப் பார்த்தார். அவனுக்குப் பேரே கிடையாது. நாடகத்தின் தொடக்கத்தில் சூத்திரதாரன் வந்து, இன்ன ஊர் இன்னார் மகன் இன்ன கவி எழுதியது என்று சொல்லுவானே, அந்த முதல் ஏட்டைச் செல் அரித்துவிட்டது. பெயரிலிக் கவி என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். பேர் இல்லாதவனை என்ன சொல்லித் திட்டுவது, அதுவும் ஒரு கஷ்டம்.

எழிலரசி கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாமரை நாற்பத்தாறு இடத்தில், நிலா முப்பத்தொன்று, அன்னம் பன்னிரண்டு, மான்விழி ஒன்பது, யானையின் மதநீர் ஏழு என்று அவள் அடுக்க, புறத்தேர்வாளர் தலையாட்டிக்கொண்டே போனார். கெட்டிக்காரப் பெண்தான். அப்பா கட்சிக் கொடி பிடித்தவராம், மகள் சமஸ்கிருதம் படிக்கிறேன் என்றதும் ஒரு மாசம் பேசவில்லையாம், இப்போது பின்வரிசையில் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து மகளைப் பார்க்கிற பார்வையில் அவருக்குக் கண் கலங்குகிறது. இருக்கட்டும், எல்லாரும் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவள் அடுத்துச் சொன்னது சாரநாதனை நாற்காலியில் நிமிரவைத்தது. “மொத்தம் இருநூற்றுப் பதினாலு உவமை. பதிப்பாசிரியர் ஐயா தன்னோட முன்னுரையில இருநூற்றுப் பதிமூணுன்னு எழுதியிருக்காங்க. ஐயா கணக்கு தப்பாது. நான் நாலு தடவை எண்ணிப் பார்த்தேன், எனக்குப் பதினாலுதான் வருது.” கூடத்தில் லேசாகச் சிரிப்பு. துறைத்தலைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், வயசானவர் ஒன்றை விட்டுவிட்டார் என்கிற சிரிப்பு. விட்டுவிட்டாரா! எண்ணாமல் ஒதுக்கினது அது. அன்றைக்கு முன்னுரை எழுதும்போது பேனா பதினாலு என்று எழுதப் போய், கை நின்று, பதிமூன்று என்றே எழுதியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கும் ஒரு சின்ன நியாய உணர்ச்சி இருக்கும் போலிருக்கிறது, எங்கேயாவது ஒரு ஓரத்தில் காம்பை வெளியே நீட்டிவைப்பான். இந்தப் பெண் காம்பைப் பிடித்துவிட்டாளோ? அவளுக்குத் தெரியுமோ? தெரிந்துதான் மூன்று தடவை வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, ஐயா ஐயா என்று கேள்வி கேட்டாளோ? உள்ளங்கை வேர்த்தது. சால்வையில் துடைத்துக்கொண்டார்.

அவள் பொத்தானை அமுக்கினாள், திரையில் அந்தச் சுலோகம் வந்தது. நாலாம் அங்கம், ஏழாவது. இவ்வளவு பெரிய எழுத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண். மேலே சமஸ்கிருதம், கீழே அவரே எழுதிய தமிழ் உரைநடை: ‘பால் பொங்கி விளிம்புக்கு வந்த நேரம் ஒரு கைத் தண்ணீர் தெளித்தாற்போல், அவள் பெயரை நான் சொன்னதும் அவள் கோபம் அடங்கிற்று, அடியில் கொதிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.’ பக்கத்தில் செங்கமலத்தின் உதடு அசைந்தது. திரையைப் பார்த்துப் படிக்கவில்லை, திரைக்கு முன்னாலேயே அவள் உதடு போய்க்கொண்டிருந்தது. மனப்பாடம். சுவாமி விளக்குக்கு எண்ணெய் விடும்போது சொல்லுவாள், துணி மடிக்கும்போது சொல்லுவாள், பகவத் நாமம் சொல்ல வேண்டிய வாயால் எவனோ ஒருத்தன் சொன்னதைச் சொல்லுவாள். சொல்லி முடித்துவிட்டு, இதோ, இப்போதும், அவர் பக்கம் லேசாகச் சாய்ந்து, இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையாவது தடவையோ, “அவன் ஆம்படையாள் குடுத்து வச்சவள்னா” என்றாள். அவர் “ம்” என்றார். அந்த ம்-ஐ அவர் எத்தனை தடவை போட்டிருப்பார்! காப்பித் தம்ளரைக் கீழே வைக்கும்போது ஒரு ம், செருப்பு மாட்டும்போது ஒரு ம், ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண்புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தபோது, கட்டுக்குள்ளிருந்து அவள் அதையே சொல்ல, அதற்கும் ஒரு ம். நீ என்னடி குடுத்து வைக்காதவளா என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

அந்தச் சுலோகத்துப் பெண் அவள்தான். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, நெஞ்சுக்குள் முப்பத்தெட்டு வருஷமாகப் பாய் விரித்துப் படுத்திருக்கிற விஷயம். கல்யாணமாகி இரண்டு மாசம், சந்துக்குள் ஒரு ஒண்டிக் குடித்தன வீடு, சமையலறை என்று தனியாக இல்லை, கூடத்து மூலையில் ஒரு திரி ஸ்டவ். சாயங்காலம் தெப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, சுவடி நூலகத்தில் நாற்பத்தோராம் ஏட்டை வைத்துக்கொண்டு மல்லாடி, விளக்கேற்றும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். நாற்பத்தோராம் ஏட்டின் வலப் பாதி இல்லை. பூச்சி தின்ற இடம் வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை. நாலாம் அங்கத்தில் அரசன் அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், அவள் கோபம் அடங்குகிறது, எப்படி அடங்குகிறது என்று சொல்ல வேண்டிய சுலோகத்தில் முதல் இரண்டு வார்த்தைதான் பாக்கி, ‘அவள் கோபம்’ என்று. மிச்சம் பூச்சி வயிற்றில். எப்படி அடங்கியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், செங்கமலம் தலைவாரிப் பூ வைத்து, பச்சைப் புடவை கட்டி, பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், முகத்தைத் திருப்பவில்லை, முதுகே பேசியது. பால் பொங்கி வந்தது. பக்கத்துச் சொம்பில் கைவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். அந்தச் சமயம் பார்த்து அவர் “கமலம்” என்றார். அடங்கியது. இரண்டும் அடங்கியது. அப்போதும் அவள் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை அவர் நின்று பார்த்தார், சத்தியமாக நின்று பார்த்தார், அதைப்போல வாழ்க்கையில் வேறு எதையும் பார்த்ததில்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அவள் குடத்தையோ வாளியையோ எடுத்துக்கொண்டு போனாள். அவர் தாளை எடுத்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம், மிச்சச் சுலோகம் முழுதும் வந்துவிட்டது, ஓர் அசை தட்டவில்லை. அதற்கப்புறம் அன்றைக்கு என்ன நடந்தது என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

ஏடு சிதைந்த இடத்தில் புள்ளி வைக்க வேண்டும், பதிப்பாசிரியன் தானாக ஊகித்து எழுதினால் பகர அடைப்புக்குள் போட வேண்டும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த தொழில் தர்மம். அவரும் கைப்பிரதியில் சிவப்பு மையால் அடைப்புப் போட்டார். அச்சுக்குப் போகிற நகல் எழுதும்போது அடைப்பு விட்டுப்போயிற்று. விட்டுப்போயிற்று என்றுதான் ஒரு வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாம் ப்ரூஃப் வந்தது, அப்போதாவது போட்டிருக்கலாம். ப்ரூஃப் பார்ப்பது என்றால் அவர்கள் வீட்டில் செங்கமலம் உரக்கப் படிப்பாள், அவர் கைப்பிரதியோடு ஒத்துப் பார்ப்பார். நாலாம் அங்கம் ஏழாவது வந்தது, படித்தாள், கீழே தமிழையும் படித்தாள், நிறுத்தினாள். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, “என்ன அழகா சொல்லியிருக்கான்!” என்றாள். சொல்லியிருக்கான். அவன். அந்த ஒரு நொடி அவர் கையில் சிவப்புப் பேனா இருந்தது. சொல்லியிருக்கான் இல்லையடி, சொல்லியிருக்கேன் என்று சொல்ல வேண்டியதுதானே, வாயில் கொழுக்கட்டையா? இல்லை, இன்னும் கொஞ்சம் கேட்க ஆசை. இன்னும் என்ன சொல்லுவாள், இன்னொரு தடவை படிப்பாளா என்று பார்க்க ஆசை. படித்தாள். கன்னம் சிவந்தது. யாருக்காகச் சிவந்தது? அன்றைக்குத்தான் முதல் முள் தைத்தது. இனி அடைப்புப் போட்டால் அவள் முகம் எப்படி ஆகும், ஓகோ நீங்கதானா என்று சுருங்கிவிடுமா என்று ஒரு பயம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தானாம் என்பார்கள். இவர் வெண்ணெயை அடுத்த வீட்டுக்காரன் பேரில் எழுதிவைத்துவிட்டு, அவன் வீட்டு வாசலில் போய் நெய்க்கு நின்றார்.

புத்தகம் வந்தது. மதிப்புரை எழுதினவன் ஒருத்தன் பாக்கியில்லை, எல்லாரும் அந்தச் சுலோகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. ஏமாந்தீர்களா என்று குளியலறையில் தனியாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் அவர் தன் சொந்தப் பேரில் நூற்றெட்டு சமஸ்கிருதச் சுலோகம் எழுதிப் புத்தகம் போட்டார், அட்டையில் பேர், முன்பக்கத்தில் படம். செங்கமலம் பதினெட்டு வரை படித்தாள். “இலக்கணம் எல்லாம் நன்னாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தாள். வயிறெரிந்தது. இப்படியும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டா! நாடகத்தில் இதற்கென்றே ஒரு மகாராணி வருவாள், அரசன் வேறொருத்தியைப் பார்க்கிறான் என்று தெரிந்து மேகலையைக் கழற்றி எறிவாள், தூணுக்குப் பின்னால் நின்று கேட்பாள், ஐந்தாம் அங்கத்தில் சமாதானமாகித் தானே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள். சாரநாதனுக்கு ஐந்தாம் அங்கம் வரவேயில்லை. தூணுக்குப் பின்னாலேயே நிற்கிறார். அதிலும் அந்த மகாராணிக்காவது எதிரி என்று ஒருத்தி கண் முன்னால் நிற்கிறாள். இவருடைய எதிரியின் சட்டையைப் பிடித்து உலுக்கினால் உள்ளே இவரே இருக்கிறார், அப்படியும் இவர் இல்லை, செங்கமலம் மனசில் அவன் இளைஞன், குடுமி வைத்தவன், அடுப்படியில் நின்று பெண்டாட்டியைப் பார்க்கத் தெரிந்தவன். இவர் ரத்தக்கொதிப்பு மாத்திரை போடுகிற ஆள், ராத்திரி குறட்டை விடுகிற ஆள்.

“இந்த உவமையை மூலச் சுவடியில பார்க்கணும்னு போனேன்” என்றாள் எழிலரசி. சாரநாதனின் காதில் கூடம் முழுக்க ஓர் இரைச்சல், மின்விசிறியா ரத்தமா தெரியவில்லை. போனாளா? எப்போது போனாள்? “நாற்பத்தோராம் ஏட்டுல வலது பாதி இல்லைங்க. பொடியாப் போயிருக்கு. இந்தச் சுலோகத்தோட முதல் ரெண்டு சொல்லுதான் இருக்கு.” வந்துவிட்டது. இதோ, சொல்லப்போகிறாள். சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும், போகிற மானம் போகட்டும், பேர் கெட்டால் கெட்டது, நாளைக்குப் பேப்பரில் போடுவார்கள், பதிப்பாசிரியர் மோசடி என்று, போடட்டுமே, செங்கமலம் அப்போதாவது திரும்பிப் பார்ப்பாளே, திரையைப் பார்க்கிற கண்ணால் ஒரு தடவை இந்தப் பக்கம் பார்ப்பாளே! பயமும் ஆசையும் ஒரே செருப்பில் கால் நுழைத்தன. எழிலரசி தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு, “ஐயா பார்த்தப்போ ஏடு முழுசா இருந்திருக்கு” என்றாள். “அன்னைக்கு ஐயா உட்கார்ந்து பார்த்துப் பெயர்த்து எழுதலைன்னா இந்த உவமை நமக்குக் கிடைச்சே இருக்காது. பூச்சியோட போயிருக்கும். அதுக்கு நாம எல்லாரும் ஐயாவுக்கு நன்றி சொல்லணும்.” கை தட்டினார்கள். கட்சிக்கார அப்பா எழுந்து நின்றே தட்டினார். பார்த்து எழுதினதற்கு நன்றி. எழுதினதற்கு இல்லை, பார்த்து எழுதினதற்கு! சாரநாதன் கும்பிட்டார், வேறென்ன செய்வார், சால்வை நழுவிக் கீழே விழுந்தது.

துறைத்தலைவர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து நீட்டினார். பதிப்பாசிரியர் ஐயா இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எழுந்தார். இரண்டு வார்த்தைதான் வேண்டும், சரியாக இரண்டே வார்த்தை, ‘நான் எழுதினது’, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் இந்தப் பெண்ணின் நாலாம் இயல் போய்விடும், பின்வரிசை வேட்டி கசங்கிவிடும், அதெல்லாம் தோன்றாமல் இல்லை, ஆனால் உண்மையைச் சொன்னால் அது காரணமில்லை. பக்கத்தில் பார்த்தார். செங்கமலம் கணவன் பேச எழுந்திருக்கிறானே என்று நிமிர்ந்து பார்க்க வேண்டாமா? அவள் முகம் திரையில் இருந்தது. மூக்குக் கண்ணாடியில் அந்தச் சுலோகம் சின்னதாக விழுந்திருந்தது. அவ்வளவுதான், எங்கிருந்தோ சனியன் வந்து நாக்கில் குந்திக்கொண்டது. “சுலோகம் கேக்க நன்னா இருக்கு” என்று ஆரம்பித்தார். “ஆனா இதுல ஒரு தோஷம் இருக்கு. இழிந்த பொருளை உவமையாச் சொல்லக் கூடாதுன்னு அலங்கார சாஸ்திரம் சொல்றது. ஹீனோபமை. ராஜா பேசற பேச்சுல அடுப்பும் பாலும் வரலாமா? பெரிய கவி இப்படிப் பண்ண மாட்டான். எனக்கென்னவோ இந்தக் கவி இந்த இடத்துல சறுக்கிட்டான்னுதான் படறது. இதைப் போய்த் தலைமேல தூக்கி வச்சுக்க வேண்டியதில்லை.” சொல்லும்போதே இனித்தது. அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் செங்கமலம் அவரைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

எழிலரசி அசரவில்லை. “ஐயா சொல்றது சாஸ்திரப்படி சரிதாங்க” என்றாள். “ஆனா ரெண்டாம் அங்கத்துல ஒண்ணு வருது. அந்தப் பொண்ணு ராணியோட மடைப்பள்ளியில மறைஞ்சு வாழற இளவரசி. நடந்தா சத்தம் கேட்டுரும்னு கால் சலங்கையைக் கழற்றி வச்சிருக்கா. அவளைப் பார்க்கணும்னு ராஜா மடைப்பள்ளிக் கதவுக்குப் பின்னால ஒரு பகல் முழுக்க ஒளிஞ்சு நிக்கறார். அவர் அவளை முதல்ல பார்த்ததே அடுப்புக்கு முன்னாலதான். அப்ப நாலாம் அங்கத்துல அவருக்கு நிலாவும் தாமரையுமா ஞாபகம் வரும்? பால்தான் வரும். ரெண்டாம் அங்கத்துல விதையைப் போட்டு நாலாம் அங்கத்துல அறுக்கறார் கவி. இருநூற்றுப் பதிமூணு உவமை அவர் படிச்சது. இது ஒண்ணுதான் அவர் பார்த்தது.” அடிப்பாவி, அது எனக்கே தோன்றவில்லையே என்று சாரநாதனுக்கு மண்டை காய்ந்தது. எழுதினவர் அவர், இரண்டாம் அங்கத்தை அன்றைக்கு நினைக்கவே இல்லை, அந்தப் பாவி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இவருடைய பாலுக்கு அடுப்பு மூட்டிவைத்திருக்கிறான்! கை தட்டல் கூரையைத் தொட்டது. புறத்தேர்வாளர் தட்டினார், துறைத்தலைவர் தட்டினார். செங்கமலம் வளையல் குலுங்கத் தட்டினாள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று ஒருத்தருக்குச் சந்தேகம் இருந்தால் அந்த நிமிஷம் முதல் வரிசையில் வந்து பார்த்திருக்கலாம்.

தேர்வு முடிந்தால் பட்டம் வாங்கினவர் எல்லாருக்கும் சாப்பாடு போட வேண்டும், எந்த விதியிலும் எழுதியிராத வழக்கம். கல்லூரி உணவுக்கூடத்தில் நீள மேசை, வாழையிலை, சாம்பார் சாதம் இல்லை, முறையான தலைவாழைச் சாப்பாடு. எழிலரசியின் அப்பாவே அப்பளம் கொண்டுவந்தார். செங்கமலம் ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே, “ஏன்னா, அவன் மேல அப்படி என்ன ஆத்திரம் உங்களுக்கு?” என்றாள். “செத்துப்போனவன். வாயத் தொறந்து பதில் சொல்ல மாட்டான். அவனைப் போய் நாலு பேர் முன்னால.” சாரநாதன் இலையைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, “அவன் எழுதலை” என்றார். “நான் எழுதினது.” ரசம் இலையில் ஓடியது, கையால் அணை கட்டினாள். “எது?” “அந்தச் சுலோகம்தான். ஏடு உடைஞ்சிருந்துது. நான் எழுதிச் சேத்தேன். அடைப்புப் போடலை.” செங்கமலம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்தாள். தோள் குலுங்க, புரையேறும்படி சிரித்தாள், எதிர் இலைக்காரர் தண்ணீர்த் தம்ளரை நகர்த்திக் கொடுத்தார். “பொறாமை, உங்களுக்குப் பொறாமை! இத்தனை நாளா என்னவோன்னு நெனச்சேன். செத்தவன்கிட்டயுமா? இப்பத்தானே தோஷம் தோஷம்னு கத்தினேள், உங்க சுலோகத்தை நீங்களே தோஷம்பேளா?”

அவர் விடவில்லை. மானம் போயாயிற்று, இனி என்ன. “சந்து வீட்டுல, தெப்பத்தன்னிக்கு. நீ பச்சைப் புடவை கட்டிண்டிருந்தே. நான் நாழியாக்கிட்டேன். பால் பொங்கித்து, நீ தண்ணி தெளிச்சே, நான் உன்னைக் கூப்ட்டேன்” என்று சொல்லிக்கொண்டே போனார், சொல்லச் சொல்லக் குரல் கெஞ்சியது, சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரி. செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்த கண்ணீர். “நீங்களா நின்னு பாத்தேள்? எனக்கா தெரியாது அந்தச் சாயங்காலம்? குழாயில தண்ணி வந்துடுத்து, பாலை எறக்கி வச்சுடுங்கோன்னு சொல்லிட்டுப் போனேன். பக்கெட்டோட உள்ள வரேன், வீடு பூரா தீஞ்ச நாத்தம். பால் வழிஞ்சு, ஸ்டவ் அணைஞ்சு, அடியெல்லாம் கருகி. நீங்க ஸ்டவ்வுக்கு ஒரு முழம் தள்ளி உக்காந்துண்டு அது பாட்டுக்கு அதுன்னு என்னவோ எழுதிண்டிருக்கேள். பாத்திரத்தை மூணு நாள் புளி போட்டுத் தேச்சவ நான். அடுப்படியில ஒருத்தன் நின்னு பாத்தானாம், பெண்டாட்டியை. நீங்க எழுதிண்டு” என்றவள் அங்கே நின்றாள். எழுதிண்டு என்கிற வார்த்தையில் நின்றாள். ரசம் சாதம் பிசைந்த கை இலையிலேயே இருந்தது. பந்தியில் யாரோ மோர் மோர் என்று கூப்பிட்டார்கள்.

“என்ன எழுதிண்டிருந்தேள் அன்னிக்கு?”

அவர் இலை ஓரத்து உப்பைத் தள்ளினார். இந்தக் கேள்விக்காக முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்த மனுஷன், உப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். “அதையா?” என்றாள். “ம்” என்றார். திரும்பிப் பார்க்கப்போகிறாள், இதோ, முகம் சிவக்கப்போகிறது, அன்றைக்கு ப்ரூஃப் படித்தபோது சிவந்த மாதிரி, இந்தத் தடவை அவருக்கென்று சிவக்கப்போகிறது என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பினாள். சிவந்துதான் இருந்தது. ஆனால் அது இல்லை. “ப்ரூஃப் படிக்கறச்சே சொன்னேனே, என்ன அழகா சொல்லியிருக்கான்னு. பக்கத்துல உக்காந்துண்டு சும்மா இருந்தேள்” என்றாள், சன்னமாக, பக்கத்து இலைக்குக் கேட்காமல். “கண்ணுல கட்டுப் போட்டுண்டு கெடந்தேனே, அப்பவும் சொன்னேன். அவன் ஆம்படையாள் குடுத்து வச்சவள்னு. ம்னேள். ஒவ்வொரு தரமும் ம்னேள். எனக்கு அவ மேல எத்தனை வயித்தெரிச்சல் தெரியுமோ? எவளோ ஒருத்தி, எந்தக் காலத்துலயோ செத்துப்போனவ, பேர்கூடத் தெரியாது, அவளை நெனச்சு நெனச்சு, நமக்கு இப்படி ஒருத்தன் வாய்க்கலையேன்னு, ஒரு நாள் இல்லே, ரெண்டு நாள் இல்லே. என்னையே பாத்து என்னையே பொசுங்க வச்சுட்டேளே, பாவி!” பாவி என்று அவள் அவரைச் சொன்னது அதுவே முதல் தடவை.

சாரநாதன் தனக்குத் தோன்றிய ஒன்றே ஒன்றைச் செய்தார். சுலோகத்தில் அரசன் சொல்லுகிற மாதிரி, மெதுவாக, அவள் பக்கம் சாய்ந்து, “கமலம்” என்றார்.

அடங்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து கை அலம்பப் போய்விட்டாள். பாயச வாளியோடு வந்த எழிலரசி, “அம்மா பாயசம் சாப்பிடாமப் போறாங்களே ஐயா” என்று சொல்லிக்கொண்டே அவர் இலையில் ஊற்றினாள். போதும் என்று கை நீட்டி மறிக்க வேண்டும், அவருக்கு அது தோன்றவில்லை. ஐயாவுக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள், பாயசம் இலை விளிம்பு தாண்டி மேசைக்கு ஓடி, அவர் வேட்டியில் சொட்டியது.